பாதையும் கொடியும்

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் ‘பாதை’ என்றால் தரையில் கிடப்பதல்ல, தண்ணீரில் மிதப்பது. மண்டூருக்குப் போகவென்று முதல்முறை வந்த வெளியூர்க்காரரிடம் குருமண்வெளித் துறையில் நின்றுகொண்டு, “கொஞ்சம் பொறுங்க, பாதை அக்கரையில நிக்குது” என்று சொன்னால் அவர் முழிக்கத்தான் செய்வார். மிதவைகளின் மேல் தளம் அடித்து, மோட்டார் சைக்கிள், மூட்டை, மனிதர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டையான படகுக்குத்தான் இங்கே அந்தப் பெயர்.

ஒரு பெப்ரவரி மாதம் அந்தப் பாதையின் கம்பியில் சின்னதாக ஒரு தேசியக் கொடி கட்டியிருந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் பேரனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்: “பச்சை நாங்க, செம்மஞ்சள் முஸ்லிம் ஆக்கள்.” நேர்மாறு. செம்மஞ்சள்தான் தமிழருக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு. அவரைக் குறை சொல்ல மாட்டேன். இந்தக் கொடியைப் பற்றி நம்மிடையே உலவும் பிழைகளில் இது சிறியது.

பெரிய பிழை, சிங்கக்கொடிக்கும் மட்டக்களப்புக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைப்பது. 1948 ஜனவரி 16 அன்று, கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கனின் சிங்கக்கொடியே சுதந்திர இலங்கையின் கொடியாக வேண்டும் என்ற பிரேரணையைப் பாராளுமன்றத்தில் கொண்டுவந்தவர் மட்டக்களப்புத் தொகுதி உறுப்பினர் முதலியார் சின்னலெப்பை. வாவிக்கரையின் முஸ்லிம் பிரதிநிதி ஒருவர், நாயக்க வம்சத்து அரசனின் கொடியைக் கேட்டார். சரித்திரம் நாம் போட்டுவைத்த பெட்டிகளுக்குள் அடங்குவதில்லை.

அடுத்த பிழை, கொடியின் செம்மஞ்சள், பச்சைக் கோடுகள் இரண்டும் சுதந்திரத்தோடு வந்தவை என்பது. 1948 இல் ஏறிய கொடியில் அவை இல்லை. சிறுபான்மையினரின் ஆட்சேபம் எழுந்ததால் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க தலைமையில் ஒரு குழு அமைந்தது, ஜி.ஜி. பொன்னம்பலமும் ரி.பி. ஜாயாவும் அதில் இருந்தார்கள். அதன் சிபாரிசுப்படி 1951 மார்ச்சில் கோடுகள் சேர்ந்தன. குழுவிலிருந்த செனட்டர் எஸ். நடேசன் அதற்கு உடன்படவில்லை. மூலைகளிலுள்ள அரசிலைகள் 1972 இல் வந்தவை. கொடியை ஒருதரம் உற்றுப் பாருங்கள்: சிங்கம் வாளோடு தன் சட்டத்துக்குள் நிற்கிறது, கோடுகள் அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. சேர்த்துக்கொண்டார்களா, ஒதுக்கி வைத்தார்களா என்ற சண்டை இன்றும் ஓயாததற்குக் காரணம் அந்த அமைப்புத்தான். என் கணக்கில் இரண்டும் நடந்தது.

ஆபிரிக்காவில் காம்பியா என்றொரு குட்டி நாடு. ஓர் ஆற்றின் இரு கரைகளே முழு நாடும். 1965 இல் சுதந்திரம் பெற்றபோது, இன்ன நிறம் இன்ன சனத்துக்கு என்று பிரிக்காமல் ஆற்றையே கொடியின் நடுவில் நீலப் பட்டையாகப் போட்டார்கள். ஆனால் கொடியில் ஆறு இருந்தது என்பதற்காகக் கரைகள் சேர்ந்துவிடவில்லை. லொறிகள் படகுத்துறையில் மணிக்கணக்கில், சிலவேளை நாட்கணக்கில் காத்துக் கிடந்தன. ஆற்றின் மேல் பெரிய பாலம் திறந்தது 2019 இல்தான்.

அந்தக் காத்திருப்பு நமக்குப் பழக்கப்பட்டது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. வயலும் மாடும் தயிரும் படுவான்கரையில்; பெரிய ஆஸ்பத்திரியும் கந்தோர்களும் எழுவான்கரையில். வடக்கே வலையிறவுப் பாலம், தெற்கே பட்டிருப்புப் பாலம். இடையில் இருந்தவனுக்குப் பாதைதான் கதி. காற்று எழும்பினால் அதுவும் இல்லை. கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்களுக்கு மண்முனைப் பாலம் ஜப்பானின் உதவியோடு 2014 இல் கிடைத்தது. அதற்கு முந்திய வருடம்தான் கல்லடியில் புதுப்பாலம் திறந்தது. அதுவரை 1920களில் கட்டிய ஒற்றை வழி இரும்புப் பாலத்தில், எதிரே வரும் வாகனம் கடந்து முடியும்வரை இந்தப் பக்கம் நின்றுதான் போனோம். மண்முனைக்குப் பாலம் வந்த பிறகும் குருமண்வெளியில் பாதை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ரயிலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மாகோவில் பிரிந்து கல்லோயா, பொலன்னறுவை வழியாக 1928 இல் மட்டக்களப்புக்கு வந்த தண்டவாளம் அதற்குத் தெற்கே நகரவில்லை. கல்முனைக்குப் போகிறவர் நிலையத்தை விட்டு வெளியே வந்து பஸ் பிடிக்க வேண்டும்.

கொடியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த பஸ்ஸில் ஒருதரம் போய்ப் பார்க்கலாம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரே தெரு. கல்லடி தமிழூர், காத்தான்குடி முஸ்லிம் ஊர், ஆரையம்பதி தமிழூர். களுவாஞ்சிக்குடி, கல்லாறு தாண்டினால் மருதமுனை முஸ்லிம் ஊர், பாண்டிருப்பு தமிழூர். செம்மஞ்சளும் பச்சையும் இங்கே மாறி மாறி வருகின்றன, நடுவில் எந்தச் சட்டமும் இல்லை. சண்டைக் காலத்தில் இதே தெருவில் பக்கத்து ஊரைத் தாண்டப் பயந்த நாட்களும் இருந்தன. இப்போது கொண்டக்டர் ஊர்ப்பெயர்களை ஒரே மூச்சில் கூவுகிறார். ஆரையம்பதியில் இறங்க வேண்டிய கிழவி தூங்கிவிட்டால் காத்தான்குடியில் ஏறியவர்தான் தட்டி எழுப்புகிறார்.