ரைட் சைடுன்னா இளப்பமா?

மொதல்லயே சொல்லிடறேன் மக்களே, இந்தப் பதிவோட வில்லன் நான்தான்.

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு வண்டிங்க போக ஆரம்பிக்கற நேரத்துல, நாங்க நாலஞ்சு பேர் பழைய ஷட்டில் கோர்ட்டுல பிக்கிள்பால் ஆடிட்டிருப்போம். 1965ல அமெரிக்காவுல பெயின்பிரிட்ஜ் தீவுல இந்த ஆட்டத்தைக் கண்டுபிடிச்சவங்களும் ஷட்டில் கோர்ட்டுலதான் ஆடினாங்க. அளவு இன்னிக்கும் அதே 20க்கு 44 அடி.

டபுள்ஸ்ல தங்கமணியும் நானும் ஜோடி. "நீ ரைட்ல நில்லு, நடுவுல வர்றதெல்லாம் நான் பாத்துக்கறேன்." இதுதான் என் வியூகம். போன மாசம் ஒருநாள் அம்மணி பேடிலைப் பையில வச்சு ஜிப்பை மூடிட்டாங்க.

"வீட்லயும் கிச்சன், இங்கயும் கிச்சன். ஓரமா நின்னு பந்து பொறுக்கவா நான் வர்றேன்?"

(ஆடாதவங்களுக்கு: நெட்டுக்கு ரெண்டு பக்கமும் 7 அடி அகலத்துக்கு ஒரு கட்டம் உண்டு. அதுக்குள்ள நின்னுகிட்டு, தரையில குத்தாத பந்தை அடிக்கக் கூடாது. அதுக்குப் பேருதான் கிச்சன்.)

ரெண்டு பேரும் வலதுகைக்காரங்கன்னா, லெஃப்ட்ல நிக்கறவரோட ஃபோர்ஹேண்ட் நடுவுல இருக்கும். அதனால 'நல்லா ஆடறவர் லெஃப்ட், சுமாரா ஆடறவங்க ரைட்'ங்கறது எழுதப்படாத சட்டம் ஆயிடுச்சு. பொம்பளைங்க, வயசானவங்க, புதுசா வந்தவங்க எல்லாரையும் ரைட்ல தள்ளிடறோம். (பாயிண்ட் எடுத்தா எடம் மாறணும்தான். ஆனா சர்வீஸ் போட்டதும் அவங்கவங்க பக்கத்துக்கு ஓடி வந்துடலாம்.)

என் கட்சி என்னன்னா, ரைட் சைடு ஆளை ஒளிச்சு வைக்கற எடமே இல்ல. எதிராளி என்ன முட்டாளா? பந்து பூரா அங்கதான் போடுவான். நான் லெஃப்ட்ல மீசையை முறுக்கிட்டு நிப்பேன், என் பக்கம் ஒண்ணும் வராது. பொறுமை போயி தங்கமணி பக்கம் பாய்வேன். என் எடம் காலி, பாயிண்ட் போச்சு. திட்டு மட்டும் அவங்களுக்கு!

பென் ஜான்ஸ், காலின் ஜான்ஸ்னு அண்ணன் தம்பி. 2024 வரைக்கும் ஜோடியா ஆடி பட்டங்களை அள்ளினாங்க. கைத்தட்டல் எல்லாம் லெஃப்ட்ல நின்ன தம்பி பென்னுக்கு. ரைட்ல அண்ணன் காலின் பந்தை எழும்ப விடாம திருப்பிட்டே இருந்தார். வீடியோவுல நான் ரொம்ப நாளா தம்பியை மட்டும்தான் பாத்துட்டிருந்தேன்.

ரைட்ல நிக்கறவங்களுக்கு உள்ள வேலை இது:

1. எதிர் கிச்சனுக்குள்ள குறுக்கால மெதுவா டிங்க் போடறது. நெட் ஓரத்துல 36 அங்குலம், நடுவுல 34. குறுக்கால போட்டா தாழ்வான எடத்துல தாண்டும், விழறதுக்குத் தூரமும் கூடுதல்.

2. வேகமா வர்ற பந்தை, பிடியைத் தளர்த்தி, சாதுவா கிச்சன்ல விழ வைக்கறது.

3. சைடு கோட்டைக் காவல் காக்கறது. நேரா வர்ற பந்து அவங்க பொறுப்பு.

4. நடுப்பந்துக்கு வாயைத் தொறந்து "எனக்கு", "உனக்கு"ன்னு சொல்றது. பார்ட்னர் குறுக்க பாஞ்சா, அவர் விட்ட எடத்துக்கு நகர்றது.

இதுல எதுக்காவது பலம் வேணுமா? கை பதமும் பொறுமையும்தான் வேணும். இது ரெண்டும் எங்க வீட்ல யார்கிட்ட இருக்குன்னு சொல்லணுமா என்ன? :-)

சமாதானப்படுத்தி அவங்களைத் திரும்பக் கூட்டிட்டு வந்து, ஒரு ஆட்டம் நான் ரைட்ல நின்னேன். 11க்கு 4ல தோத்தோம். வந்த பந்தெல்லாம் என் பேடில்ல பட்டு அப்பளமா எழும்புச்சு, எதிர்ல சாத்தோ சாத்துனு சாத்தினாங்க. அம்மணி ஒரு வார்த்தை சொல்லல. அதுதான் ரொம்ப வலிச்சுது.

இப்ப அவங்க இஷ்டப்பட்டு ரைட்ல நிக்கறாங்க. ஒரே கண்டிஷன்: குரல் கொடுக்காம நான் பாயக் கூடாது. இன்னும் சில நேரம் பாயறேன், பழக்கதோஷம். ஆனா இப்பல்லாம் திட்டு எனக்குத்தான்.

நீங்களும் யாரையாவது ரைட்ல ஓரங்கட்டி வச்சிருந்தா, ஒருநாள் அங்க போயி நின்னு பாருங்க. அப்புறமா வந்து பின்னூட்டத்துல சண்டை போடுங்க.