நட்டு போல்ட்டு: டர்போ குடிக்கிற எண்ணெய்

உங்க வீட்டு மிக்ஸி ஃபுல் ஸ்பீடுல கத்துதே, அது நிமிஷத்துக்குச் சுமாரா 18,000 சுத்து. ஒரு சின்ன டீசல் காரோட டர்போ அதைவிடப் பத்து மடங்கு பாஸ்! ரெண்டு லட்சம் சுத்து வரைக்கும் போகும். அதுலயும் ஒரு கூத்து இருக்கு. ஒரு முனையில இன்ஜின் துப்புற புகை, மேடு ஏறும்போது 600, 700 டிகிரி சூட்டுல வந்து மோதுது. மறுமுனை வெளிக்காத்தை உறிஞ்சி உள்ளே தள்ளுது. ரெண்டையும் இணைக்கிறது சுண்டுவிரல் கனம்கூட இல்லாத ஒரு எஃகுத் தண்டு. நம்ம ஊர் பழைய கார்கள்ல இந்தத் தண்டுக்கு பால் பேரிங் எல்லாம் கிடையாது. அப்ப எது மேல உக்காந்து சுத்துது?

எண்ணெய் மேல. தலைமுடி கனம்கூட இல்லாத ஒரு எண்ணெய்ப் படலம்தான் அதைத் தாங்குது. ஒரு சில நொடி அந்தப் படலம் அறுந்தாலே உலோகமும் உலோகமும் உரச ஆரம்பிச்சுடும்.

விஸ்காசிட்டியை நாமெல்லாம் ரெண்டு மார்க் கேள்வியா மனப்பாடம் பண்ணி எழுதிட்டு வந்துட்டோம். அது வீட்டு வாசல்ல வந்து நிக்கும்போதுதான் மேட்டரே புரியுது.

எங்க ஊர் கடத்தூர்ல, பெரியப்பா வீட்டுல போன வருஷம் செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஸ்விஃப்ட் டீசல் வாங்கினாங்க. 2012 மாடல், ஓடினது 1,60,000 கிலோமீட்டர். அதுக்காகப் பெரியம்மாவோட ரெட்டைவடச் சங்கிலி இன்னும் பேங்க் லாக்கர்ல தூங்குது. பட்டுக்கூடு மூட்டைகளை தர்மபுரி மார்க்கெட்டுக்குக் கொண்டு போறது இந்த வண்டிதான். பெரியப்பாவை மாசம் ரெண்டு தடவை மஞ்சவாடி கணவாய் வழியா சேலத்துக்குச் செக்கப் கூட்டிட்டுப் போறதும் இதுதான். டர்போ போச்சுன்னா பில் அஞ்சு இலக்கத்துல வரும். அப்புறம் சங்கிலியை மறந்துட வேண்டியதுதான்.

அந்த இன்ஜினைப் பத்திக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். ஃபியட் கம்பெனி டிசைன் பண்ண 1,248 சிசி மல்டிஜெட். 2007-ல ஸ்விஃப்ட் டீசல்ல வந்துச்சு. அப்புறம் டிசையர், ரிட்ஸ், எர்டிகா, டாடா விஸ்டா, மான்ஸா, ஃபியட் புன்ட்டோ, லீனியானு எந்தப் பானட்டைத் திறந்தாலும் இதே ஆள்தான். 'நேஷனல் இன்ஜின்'னு செல்லப்பேரே வெச்சாங்க. 2020 ஏப்ரல்ல பி.எஸ்-6 விதி வந்தப்ப மாருதி டீசல் காரையே நிறுத்திடுச்சு. ஆக, இன்னைக்கு ரோட்டுல ஓடுற ஒவ்வொரு டீசல் ஸ்விஃப்ட்டும் பழைய வண்டிதான். கம்பெனி வாரன்ட்டியும் கிடையாது, ஃப்ரீ சர்வீஸும் கிடையாது. எந்த எண்ணெய், எப்ப மாத்துறதுனு ஓனரும் மெக்கானிக்கும்தான் முடிவு பண்றாங்க.

எங்க மெக்கானிக் அண்ணன் நல்ல கைக்காரர். கண்ணை மூடிட்டு சவுண்டை வெச்சே இன்ஜெக்டர் கோளாறைச் சொல்லிடுவார். எண்ணெய் விஷயத்துல மட்டும் அவருக்கும் எனக்கும் ஒரு வாரம் பட்டிமன்றம். "வண்டிக்கு வயசாயிருச்சு தம்பி. மெல்லிசா ஊத்துனா குடிச்சுரும். 20-40 ஊத்து, கெட்டியா நிக்கும்"னார். தமிழ்நாட்டுல பாதிப் பேர் சொல்ற டயலாக்தான் இது. கேக்கறதுக்கு நியாயமாவும் இருக்கு. ஆனா கேன் மேல இருக்கிற நம்பரை ஒருதரம் நிதானமா படிச்சா கதை வேற.

20டபிள்யூ-40-ல 'டபிள்யூ'ன்னா வின்டர், அதாவது குளிர்காலம். முன்னாடி இருக்கிற நம்பர், குளிர்ல அந்த எண்ணெய் எவ்வளவு இறுகுதுன்னு சொல்லுது. 5டபிள்யூ எண்ணெயை மைனஸ் 30 டிகிரியில வெச்சு டெஸ்ட் பண்றாங்க, 20டபிள்யூவை மைனஸ் 15-ல. நம்ம ஊர்ல ஐஸைப் பார்க்கணும்னா ஃப்ரிட்ஜைத்தான் திறக்கணும். அதனால இந்த டெஸ்ட் நமக்கு நேரடியா பொருந்தாது, ஒத்துக்கறேன். பின்னாடி இருக்கிற நம்பர்தான் முக்கியம். அதை 100 டிகிரி சூட்டுல அளக்கறாங்க. 30-ன்னா 9.3-லேர்ந்து 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள்ள, 40-ன்னா 12.5-லேர்ந்து 16.3-க்குள்ள இருக்கணும்.

இப்ப யோசிங்க. 20டபிள்யூ-40-க்கும் பின்னாடி 40, 5டபிள்யூ-40-க்கும் பின்னாடி 40. அதாவது இன்ஜின் சூடாயிட்டா ரெண்டும் ஏறக்குறைய ஒரே கெட்டி! அண்ணன் ஆசைப்படுற அந்தக் கூடுதல் கெட்டி, காலையில சாவி போடுற நேரத்துல மட்டும்தான் கிடைக்குது. அந்த நேரத்துலதான் டர்போவுக்கு எண்ணெய் சீக்கிரம் போய்ச் சேரணும். குழாயோட கடைசி முனையில உக்காந்திருக்கிற ஆள் அது. கெட்டி எண்ணெய் மெதுவா ஊர்ந்து வர்ற வரைக்கும் அது காய்ஞ்சு போய்த்தான் சுத்தணும்.

அண்ணன் சொன்னதுல பாதி சரிங்கறதையும் சொல்லிடணும். தேய்ஞ்ச இன்ஜினுக்கு 30-ஐவிட 40 நல்லா நிக்கும்ங்கறது உண்மைதான். க்ளவ் பாக்ஸ்ல கிடக்குற மேனுவலைத் தூசி தட்டிப் பாருங்க. அதுல ரெண்டு கிரேடும் இருந்தா, ஒன்றரை லட்சம் ஓடின வண்டிக்கு 40 போடறது நல்ல முடிவுனு நானும் சொல்வேன். ஆனா முன்னாடி 5 இருக்கட்டும். 5டபிள்யூ எண்ணெய் பெரும்பாலும் சிந்தெடிக் ரகம், டர்போ சூட்டுல சீக்கிரம் கருகாது. பழைய பொலிரோ, சுமோ வெச்சிருக்கிறவங்க டென்ஷன் ஆகாதீங்க. உங்க மேனுவலே 15டபிள்யூ-40 டீசல் எண்ணெய்னு சொல்லியிருந்தா அதையே ஊத்துங்க, தப்பில்லை.

கெட்டியைவிடப் பெரிய விஷயம் கேனோட முதுகுப் பக்கம் பொடி எழுத்துல இருக்கு. அங்க ஏ.பி.ஐ.னு போட்டு ரெண்டு எழுத்து வரும். 'எஸ்'ல ஆரம்பிச்சா பெட்ரோல், 'சி'ல ஆரம்பிச்சா டீசல். சி.எஃப். 1994-ல வந்த பழைய தரம், சி.ஐ-4 2002-ல வந்தது. ஐரோப்பாக்காரங்க கணக்குல ஏ3/பி4-னு இருந்தா அந்தக் காலத்து காமன் ரெயில் டீசல் காருக்குத் தோதானது. பைக் கடையில தொங்குற 20டபிள்யூ-40 கேன்ல 'ஜாசோ எம்.ஏ.'னு இருக்கும். அது எண்ணெய்க்குள்ளயே கிளட்ச் முழுகி இருக்கிற பைக்குக்காகச் செஞ்சது. டீசல் கரியைச் சமாளிக்கறது அதோட வேலையே இல்லை. அதே மாதிரி, பி.எஸ்-6 டீசல் வெச்சிருக்கிற நண்பன் பழைய வண்டி எண்ணெயை ஓசி வாங்கி ஊத்தினா தடுத்துடுங்க. அந்த வண்டி சைலன்ஸர்ல கரி வடிகட்டி இருக்கு, சாம்பல் அதிகமான எண்ணெய் அதை அடைச்சுடும். அதுக்கு சி3 மாதிரி தனி ரகம் இருக்கு.

சரி, எப்ப மாத்தறது?

கேஜை உருவி, விரல்ல தேய்ச்சு, "கருத்துப் போச்சுப்பா, மாத்திடு"னு சொல்றது நம்ம ஊர் ஜோசியம். டீசல் வண்டியில புது எண்ணெய் சில நூறு கிலோமீட்டர்லயே கருத்துடும். அப்படிக் கருத்தாத்தான் அது வேலை பார்க்குதுனு அர்த்தம். கரித்தூளைக் கட்டி தட்டாம தனக்குள்ளயே மிதக்க வெச்சிருக்கு. இன்ஜின் முழுக்க அழுக்கு படிஞ்சு எண்ணெய் மட்டும் பளபளன்னு இருந்தாத்தான் பயப்படணும். கேஜ்ல வேற ரெண்டு விஷயம் பாருங்க. காபி கலர்ல நுரையா இருந்தா கூலன்ட் கலக்குது. ஊத்தினதைவிட லெவல் ஏறியிருந்தா டீசல் இறங்கிக் கலக்குது. ரெண்டுக்குமே அன்னைக்கே மெக்கானிக்கிட்ட ஓடணும்.

10,000 கிலோமீட்டர் இல்லைன்னா ஒரு வருஷம், எது முதல்ல வருதோ அதுனு பொதுவா சொல்வாங்க. நாலு வழிச்சாலையில ஒரே சீரா ஓடுற வண்டிக்கு அது ஓகே. ஆனா கடத்தூர் வாழ்க்கை அப்படியா? தோட்டத்துக்கு நாலு கிலோமீட்டர், கடைவீதிக்கு ரெண்டு, ரயில் பிடிக்க பொம்மிடி ஸ்டேஷன். இன்ஜின் முழுசா சூடாகறதுக்குள்ள ஆஃப் பண்ணிடறோம். உள்ளே கோக்கற ஈரமும் எரியாத டீசலும் ஆவியாக நேரமே இல்லை. அது போக மண் ரோட்டுப் புழுதி. இதையெல்லாம் மேனுவல்ல 'கடினமான பயன்பாடு'னு ஒரு தனிப் பட்டியலா போட்டிருப்பாங்க, யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பறதே இல்லை. இந்த மாதிரி ஓட்டத்துக்கு என் ஓட்டு 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாசம். நிறுத்தியே வெச்சிருந்தாலும் வருஷத்துக்கு ஒருதரம் மாத்தியே ஆகணும்.

"இப்ப டீசல் சுத்தமாயிருச்சே, இன்னும் தள்ளிப்போடலாமே?"னு எங்க கிளாஸ்ல ஒருத்தன் கேட்டான். நல்ல கேள்விதான். பி.எஸ்-3 டீசல்ல கந்தகம் 350 பி.பி.எம். வரைக்கும் இருக்கலாம்னு விதி. 2017 ஏப்ரல்ல நாடு முழுக்க பி.எஸ்-4 வந்து அது 50 ஆச்சு. 2020 ஏப்ரல்லேர்ந்து 10 தான். கந்தகம் குறைஞ்சா எண்ணெய்க்குள்ள அமிலம் சேர்றதும் குறையும், பழைய இன்ஜினுக்கு அது வரம். ஆனா கரியும் புழுதியும் குட்டை ஓட்டமும் அப்படியேதானே இருக்கு? அதனால தள்ளிப்போடாதீங்க.

செலவைப் பார்த்துடலாம். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுத்தாக்கூட, 5,000 கிலோமீட்டருக்கு 250 லிட்டர் டீசல். லிட்டர் 90 ரூபாய்னே வெச்சாலும் 22,500 ரூபாய். அதுக்கு நடுவுல ஒருதரம் மாத்துற எண்ணெய் 3 லிட்டர் சொச்சமும் ஒரு ஃபில்டரும்தான். இந்தக் கஞ்சத்தனத்துக்கு டர்போ மட்டும் பலியாகறதில்லை. இந்த இன்ஜின்ல டைமிங் பெல்ட் கிடையாது, செயின். அதை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் எண்ணெய் பிரஷர்லதான் வேலை செய்யுது. கசடான எண்ணெயில செயின் தளர்ந்து பல் தாண்டிச்சுன்னா வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும். அப்புறம் இன்ஜினையே இறக்கணும்.

முந்தின ஓனர் என்ன ஊத்தினார்னு தெரியாத வண்டியா? ஸ்ட்ராங்கான ஃப்ளஷ் ஊத்திக் கழுவாதீங்க. பல வருஷக் கசடு மொத்தமா பெயர்ந்து சம்ப்ல இருக்கிற சல்லடையை அடைச்சா, டர்போவுக்கு எண்ணெயே போகாது. பெரியப்பா வண்டிக்கு 5டபிள்யூ-40 ஊத்தி, முதல் ரெண்டு தடவை 2,500 கிலோமீட்டர்லயே ஃபில்டரோட மாத்தினோம். மெதுவா கரைஞ்சு வரட்டும்னு. அண்ணன் முகத்தைச் சுளிச்சுக்கிட்டே செஞ்சார். ரெண்டாவது தடவை வடிச்ச பிறகு, "சவுண்டு கொஞ்சம் அடங்கியிருக்கு தம்பி"னு அவராவே சொன்னார். அதுக்கு மேல அவர்கிட்ட சர்டிஃபிகேட் எதிர்பார்க்க முடியாது!

கணவாய் ஏறி வந்து டீக்கடையில நிறுத்தினதும் டக்குனு சாவியைத் திருகாதீங்க. அரை நிமிஷம், ஒரு நிமிஷம் ஐடில்ல ஓடட்டும். ஆஃப் பண்ணினா எண்ணெய் பம்பும் நின்னுடும், பழுக்கக் காய்ஞ்ச டர்போவுக்குள்ள தேங்கின எண்ணெய் கருகி கரிக்கட்டியா ஒட்டிக்கும். டர்போவையே மாத்த வேண்டி வந்தாலும், எண்ணெய் வர்ற குழாயையும் சேர்த்து மாத்தச் சொல்லுங்க. பழைய குழாய்ல அடைப்பு இருந்தா புது டர்போவும் அதே வழியிலதான் போகும்.

சைலன்ஸர்ல நீலப்புகை வந்தா வண்டி எண்ணெயை எரிக்குதுனு அர்த்தம், அசட்டையா விடாதீங்க. டர்போ சீல் மொத்தமா போச்சுன்னா இன்ஜின் தன் எண்ணெயையே குடிச்சு, சாவியை எடுத்தாலும் நிக்காம அலறும். பதறாம பிரேக்கை இறுக்கி மிதிச்சு, டாப் கியர்ல போட்டு, கிளட்சை விட்டு இன்ஜினை அமுக்கி நிறுத்தணும்.

போலி எண்ணெய் கும்பலுக்குக் காலி கேன்தான் மூலதனம். அதனால சீல் உடையாத கேனை பில் போட்டு வாங்குங்க. உங்க கண் முன்னாடி ஊத்தினதும் காலி கேன்ல ஆணி அடிச்சு ஓட்டை போட்டுடுங்க. வடிச்ச எண்ணெயைக் கிணத்து மேட்டுலயோ வாய்க்கால்லயோ கொட்டாம, பழைய எண்ணெய் சேகரிக்கிறவங்களுக்குக் கொடுக்கற ஒர்க் ஷாப்ல விட்டுடுங்க.

அடுத்த வாரம்: எங்க மாவட்டத்து உப்பு போர் தண்ணியை ரேடியேட்டர்ல ஊத்தலாமா?