மக்கும் என்று எழுதினால் மக்கிவிடுமா?

இயற்கை அன்னை எதனையும் வீணாக்குவதில்லை. உதிர்ந்த இலை எருவாகிறது. அவ்வெருவே மீண்டும் தளிராகிறது. நம் தோட்டப்புற மக்களுக்கு இஃது ஏட்டுப் பாடமன்று. கண்கூடாகக் கண்ட உண்மை. செம்பனை ஆலையில் பழங்களைப் பிரித்தெடுத்த பின்னர் எஞ்சும் வெற்றுக் குலைகள் தோட்டத்திற்கே திரும்பி வந்து மரங்களுக்கிடையே பரப்பப்படுகின்றன. அவை மண்ணின் ஈரத்தைக் காத்து, மக்கி, உரமாகின்றன. பழத்தின் நாரும் கொட்டையின் ஓடும் கொதிகலனில் எரிந்து ஆலைக்கு வேண்டிய நீராவியையும் மின்சாரத்தையும் தருகின்றன. ஒன்றன் கழிவு மற்றொன்றுக்குப் பயனாகும் இத்தகைய முறையையே அறிஞர்கள் 'சுழற்சிப் பொருளாதாரம்' என்று அழைக்கின்றனர்.

நெகிழியோ இச்சுழற்சிக்குள் அடங்காத பொருள். ஆதலின் சிலாங்கூர் மாநிலம் 2017 சனவரி முதல் நெகிழிப் பைக்கு 20 சென் கட்டணம் விதித்தது. ஒருமுறை மட்டும் பயன்படும் நெகிழியை 2030-க்குள் ஒழிக்கும் திட்டத்தை நம் அரசாங்கம் 2018-இல் வெளியிட்டது. இந்நிலையில் சோளம், கரும்பு போன்றவற்றின் மாவையும் சர்க்கரையையும் கொண்டு செய்யப்படும் 'மக்கும் நெகிழி' கடைகளுக்கு வந்துள்ளது. பச்சை இலைப் படம் பொறித்த அப்பையையும் கிண்ணத்தையும் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோம்; மண்ணுக்கு நன்மை செய்தோம் என மனநிறைவும் கொள்கிறோம்.

அம்மனநிறைவு சரியானதா என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஐரோப்பியத் தர விதிப்படி, மக்கும் நெகிழி ஆறு திங்களுக்குள் 90 விழுக்காடு மக்க வேண்டும். ஆனால், அச்சோதனை ஏறத்தாழ 58 பாகை வெப்பமும் ஈரமும் காற்றும் சீராக உள்ள சூழலில் நடைபெறுவது. அத்தகைய சூழல் உரம் தயாரிக்கும் ஆலைகளில்தான் உண்டு; நம் வீட்டுக் கொல்லையிலோ, சாக்கடையிலோ, கடலிலோ இல்லை. கால்வாயில் எறியப்பட்ட 'மக்கும்' பையும் பழைய பையைப் போலவே நீரை அடைக்கும். மறுசுழற்சிப் புட்டிகளோடு கலந்தால் அவற்றின் தரத்தையும் கெடுக்கும். 'சிதையும்' என்று மட்டும் எழுதப்பட்ட பைகளுள் சில மக்குவதே இல்லை. நுண்துகள்களாக உடைந்து மண்ணிலேயே தங்கிவிடுகின்றன. அவ்வகை நெகிழியை ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் தடை செய்துவிட்டது.

அங்ஙனமாயின் மக்கும் நெகிழி பயனற்றதா? அன்று. இத்தாலியின் மிலான் நகரம் 2012-இல் தொடங்கி 2014-க்குள் நகர் முழுவதும் சமையலறைக் கழிவைத் தனியே திரட்டும் முறையைக் கொண்டு வந்தது. அங்கு மக்களும் அக்கழிவை மக்கும் பையிலிட்டுக் கட்டி வைக்கின்றனர்; பையும் கழிவும் ஒருங்கே ஆலைக்குச் சென்று உரமாகின்றன. அங்கே வெற்றி தந்தது பை மட்டுமன்று. பை சென்று சேரும் இடமுமாகும்.

நம் நாட்டிலோ குப்பையின் பெரும்பகுதி இன்னும் குப்பை மேடுகளுக்கே செல்கிறது. 2015 செப்டம்பர் முதல் சில மாநிலங்களில் குப்பையைப் பிரித்து வைத்தல் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் உணவுக் கழிவு பெரும்பாலும் மற்றக் குப்பையோடுதான் அள்ளிச் செல்லப்படுகிறது. போய்ச் சேர வழியில்லாத ஊருக்குப் பயணச்சீட்டு வாங்குவதால் யாது பயன்?

ஆதலின் பெற்றோர்களே, கூடுதல் விலை கொடுக்குமுன், "இப்பை எங்கே மக்கும்? அங்கே இதனைக் கொண்டு சேர்ப்பவர் யார்?" என்று கேளுங்கள். உணவுக் கழிவைத் தனியே எடுத்துச் செல்லுமாறு ஊராட்சி மன்றங்களை வற்புறுத்துங்கள். மாணவச் செல்வங்களே, நம் பெரியோர் வேலைக்காட்டிற்குச் சோறு கொண்டு சென்ற தூக்குச் சட்டியை நினைத்துப் பாருங்கள். பல்லாண்டு உழைத்த அச்சட்டி ஒரு நாளும் குப்பையைப் பெருக்கியதில்லை. நாசி லெமாக் பொதிந்த வாழை இலையோ எந்த ஆலையையும் நாடாமல் கொல்லை மண்ணிலேயே மக்கிவிடும். பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்கு உணவுக் கலத்தையும் நீர்ப் புட்டியையும் வீட்டிலிருந்தே கொண்டு வருவோம். காய்கறித் தோலையும் பழத்தோலையும் பள்ளித் தோட்டத்தின் உரக்குழியில் சேர்ப்போம்.

எறியும் பொருளை மாற்றுவதினும் எறியும் பழக்கத்தை மாற்றுவதே முதற்கடமை. அக்கடமையை நம் பள்ளியிலிருந்தே தொடங்குவோமாக!