குழந்தைக் காப்பகங்களும் பூட்டிய கதவும்

கல்கத்தாவில் தமிழ்க் குடும்பங்களில் கணவன், மனைவி இருவரும் உத்தியோகத்துக்குப் போவது இன்று புதிய விஷயமல்ல. ஒரு தலைமுறைக்கு முன்பு லேக் மார்க்கெட் சுற்றுவட்டாரத்துக் குடித்தனங்களில் பாட்டியோ அத்தையோ ஊரிலிருந்து வந்து தங்கிக் குழந்தையைப் பார்த்துக் கொள்வார்கள். இப்போது பாட்டிக்கு முழங்கால் வலி; இங்கோ ஒன்றரை அறை வீடு. ஆகவே காலை ஒன்பது மணிக்குக் குழந்தையைச் சந்து முனையிலுள்ள காப்பகத்தில் விட்டுவிட்டு, தாயார் டல்ஹௌசிக்குப் பஸ் பிடிக்கிறாள். வங்காளிகள் இதை 'க்ரெஷ்' என்பார்கள். அங்கே குழந்தைகளைப் பார்த்துக் கொள்ளும் பெண்மணி எல்லோருக்கும் 'மாஷி', அதாவது சித்தி.

பெரும்பாலான மாஷிகள் நல்லவர்கள். குழந்தைக்குச் சோறு ஊட்டி, தூங்க வைத்து, தமிழ்க் குழந்தைக்கு வங்காளமும் கற்றுக் கொடுத்து அனுப்புகிறார்கள். ஆனால் நல்ல மனம் வேறு, பாதுகாப்பான இடம் வேறு. சேர்க்கும்போது பெற்றோர் கேட்பது மாதக் கட்டணம் எவ்வளவு, எத்தனை மணி வரை வைத்துக் கொள்வீர்கள் என்ற இரண்டு கேள்விகள்தான். பின்கதவு எங்கே என்று கேட்பவர்கள் அபூர்வம்.

சட்டம் இல்லாமலில்லை. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் 50க்கு மேல் பெண்கள் வேலை செய்யும் ஆலைகளில் காப்பக அறை வேண்டும் என்றது. 1976இல் அந்த எண்ணிக்கையை 30 ஆகக் குறைத்தார்கள். 2017இல் பிரசவ காலச் சலுகைச் சட்டம் திருத்தப்பட்டு, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஸ்தாபனங்கள் காப்பக வசதி செய்துதர வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு தடவை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம் என்று ஏற்பாடாயிற்று. 2020ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு இடம் பெற்றிருக்கிறது. தனியார் மழலையர் பள்ளிகளுக்கென்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த விதிகளில் 20 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியையும் ஓர் ஆயாவும் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. காகிதத்தில் குறையில்லை. ஆனால் எட்டுப் பேர் வேலை செய்யும் ஏற்றுமதி ஏஜெண்டு ஆபீசில் டைப் அடிக்கும் பெண்ணுக்கு இந்த 50 என்ற எண்ணிக்கையால் என்ன பிரயோஜனம்? அவள் நம்பியிருப்பது சந்து முனை மாஷியைத்தான். அந்த வீட்டிலே இருக்கக்கூடிய ஒரே காகிதம், இருந்தால், மாநகராட்சியின் டிரேட் லைசென்ஸ். வியாபாரம் நடத்தலாம் என்று அது சொல்லுமே தவிர, குழந்தையைத் தூங்க வைக்கலாமா என்று சொல்லாது.

கல்கத்தா வீடுகளுக்கென்று ஒரு விசேஷம் உண்டு. வாசலில் மடக்கு இரும்புக் கதவு. அதிலே ஒரு பூட்டு. சாவி மாஷியின் முந்தானையில். குழந்தைகள் தெருவுக்கு ஓடிவிடக் கூடாது, டாக்சியும் ரிக்ஷாவும் போகிற சந்து என்று நல்லெண்ணத்தோடு போடும் பூட்டு அது. ஜன்னல்களுக்கும் கம்பி. ஆக, திருடன் உள்ளே வர முடியாத வீட்டிலிருந்து குழந்தையும் வெளியே வர முடியாது. மாஷி பின்கட்டில் பாத்திரம் துலக்கிக் கொண்டிருக்கையில் முன்னறையில் மின்சார ஒயர் புகைந்தால் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். தீயைவிடப் புகைதான் முதலில் கொல்கிறது. 2011 டிசம்பர் 9ஆம் தேதி விடியற்காலையில் டாக்குரியாவின் ஆம்ரி ஆஸ்பத்திரியில் மாண்ட சுமார் 90 பேரில் பெரும்பாலோர் புகையில் மூச்சுத் திணறி இறந்தவர்கள். படுக்கையை விட்டு எழுந்து நடக்க முடியாத நோயாளிகள் அவர்கள். தொட்டிலிலிருக்கும் குழந்தையின் நிலையும் அதுதான்.

தமிழர்களுக்கு இந்த விஷயத்தில் வேறு உதாரணம் தேவையில்லை. 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணம் காசிராமன் தெருவில் ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிக்கூடங்கள் நடந்து வந்தன. சத்துணவுக் கூடத்தில் பிடித்த தீ மாடியின் கீற்றுக் கொட்டகைக்குத் தாவியது. குறுகிய படிக்கட்டு, நெருக்கமாக உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகள். 94 குழந்தைகள் கருகினார்கள். விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பு வர 2014 வரை பத்து வருஷம் ஆயிற்று. அந்தப் பள்ளிக்கூடம் ஒளிவுமறைவாக நடந்ததல்ல. அரசாங்க அங்கீகாரத்தோடு ஊர் நடுவில் நடந்தது.

கடல் கடந்தும் கதை இதேதான். மெக்சிகோ நாட்டில் எர்மோசியோ என்ற நகரத்தில் 2009 ஜூன் 5ஆம் தேதி ஒரு குழந்தைக் காப்பகம் எரிந்தது; 49 குழந்தைகள் இறந்தனர். கிடங்காக இருந்த கட்டடத்தைக் காப்பகமாக மாற்றியிருந்தார்கள். அடுத்த பகுதியில் அரசாங்கக் காகிதக் கட்டுகள். அவசர வழி பயன்படும் நிலையில் இல்லை. ஒருவர் தம் லாரியைக் கொண்டு வந்து சுவரில் மோதித் துவாரம் உண்டாக்கினார். அந்த வழியாகவே பல குழந்தைகளை வெளியே எடுத்தார்கள். தீப்பிடித்ததற்குச் சில நாட்கள் முன்புதான் அந்த இடம் சோதனையில் தேறியிருந்தது! சுவரில் மாட்டிய சான்றிதழைப் பார்த்துத் திருப்தியடையும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் வருஷத்தில் ஒரு நாள் வருவார். பெற்றோர் தினம் இரண்டு தடவை அந்த வாசலில் நிற்கிறார்கள்.

அடுத்தது கைகளின் கணக்கு. ஒரு பெண் ஒரே நேரத்தில் இரண்டு கைக்குழந்தைகளைத் தூக்கிக் கொண்டு ஓடலாம். மூன்றாவதைத் தூக்க முடியாது. பன்னிரண்டு குழந்தைகளும் ஒரு மாஷியும் என்றால் புகைக்குள் ஆறு தடவை போய் வர வேண்டும். 'எங்கள் மாஷி ரொம்பக் கெட்டிக்காரி' என்று பெருமைப்படுவதால் இந்தக் கணக்கு மாறிவிடாது. இரண்டாவது ஆள் வைத்தால் கட்டணம் கூடும் என்பதும் உண்மை. அந்தக் கூடுதல் கட்டணத்துக்காகப் பேரம் பேசுவது, துர்க்கா பூஜை போனஸில் ஒரு புடவை குறைத்துக் கொள்ள மனமில்லாத குடும்பங்களுக்கு அழகல்ல. உண்மையாகவே முடியாதவர்களின் விஷயம் வேறு. அதற்கு வழி கீழே.

தண்ணீரும் சமையலும் இன்னொரு பக்கம். பழைய கல்கத்தா வீடுகளில் 'சௌபாச்சா' என்ற சிமெண்டுத் தொட்டி உண்டு. குளியலறையிலோ முற்றத்திலோ எப்போதும் நீர் நிரம்பியிருக்கும். தவழ்ந்து எழுந்து நிற்கப் பழகும் குழந்தைக்கு ஒரு வாளித் தண்ணீரே ஆபத்து. இந்தத் தொட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மேலே ஒரு பலகை மூடி போதும்; தச்சனுக்கு அரை நாள் வேலை. டெங்குக் கொசு முட்டையிடுவதும் அதனால் தடைப்படும். (பக்கத்து வங்காள தேசத்துக் கிராமங்களில் குளத்தில் விழுந்து குழந்தைகள் இறப்பதைத் தடுப்பதற்கென்றே காப்பகங்கள் நடத்துகிறார்கள். அவற்றுக்கு 'ஆஞ்சல்' என்று பெயர்; முந்தானை என்று பொருள்.) அடுப்பும் சிலிண்டரும் குழந்தைகள் தூங்கும் அறையிலிருந்து கதவு போட்டுப் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். பூச்சி மருந்து, பினாயில் வகையறா சமையல் சாமான் பக்கத்திலேயே வரக் கூடாது. 2013இல் பீகாரின் கண்டாமன் கிராமத்துப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தது எண்ணெயில் பூச்சி மருந்து கலந்திருந்ததால்தான். அதுவும் ஒரு ஜூலை 16ஆம் தேதி.

இதுவரை சொன்னதெல்லாம் காப்பகக்காரர்கள் மேல் குற்றம். பெற்றோர் மேலும் ஒன்று உண்டு. ராத்திரி முழுவதும் குழந்தைக்கு ஜுரம். காலையில் பாரசிட்டமால் சிரப் ஒரு மூடி கொடுத்தால் பத்து மணிக்கு உடம்பு ஆறிவிடும். 'ஒன்றுமில்லை, கொஞ்சம் சளி' என்று மாஷியிடம் ஒப்படைத்துவிட்டு ஆபீசுக்கு ஓடுகிறார்கள். மத்தியானம் ஜுரம் திரும்ப ஏறும்போது அந்தக் குழந்தை பத்துக் குழந்தைகளோடு ஒரே பாயில் படுத்திருக்கிறது. 2023 ஆரம்பத்தில் கல்கத்தாவில் அடினோ வைரஸ் பரவியபோது பி.சி. ராய் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்காமல் தாய்மார்கள் தவித்ததை இந்த நகரவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். பொய் சொல்லும் தாயைத் திட்டுவது சுலபம். அவளுக்கு லீவு ஏது? மத்திய அரசாங்கப் பெண் ஊழியர்களுக்கு 2008 முதல் குழந்தை பராமரிப்பு விடுமுறையாகப் பணிக்காலம் முழுவதற்கும் 730 நாட்கள் உண்டு. ரயில்வேயிலும் தபால் இலாகாவிலும் இருப்பவர்கள் மேலதிகாரியிடம் மன்றாடியாவது அதைப் பெறலாம். கான்டிராக்டில் வேலை செய்யும் பெண்ணுக்கு லீவு என்றால் அன்றைய கூலி போயிற்று என்று அர்த்தம். ஜுரமான குழந்தையைக் காப்பகத்தில் சேர்க்காதே என்ற விதி அவளைப் பொறுத்த வரை, இன்று சம்பாதிக்காதே என்ற விதியாகிவிடுகிறது. தகப்பனாருக்கும் லீவு எடுக்கலாம் என்பது பல வீடுகளில் நினைவுக்கு வருவதில்லை.

வயிற்றுப்போக்கு விஷயத்தில் மட்டும் கல்கத்தாக்காரர்களுக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை. 1971இல் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலானபிஸ் உப்பும் சர்க்கரையும் சோடா உப்பும் கலந்த நீரைப் புகட்டி, நூற்றுக்கு 30 ஆக இருந்த சாவை 4க்கும் கீழே கொண்டு வந்தார். உலகம் முழுவதும் பிறகு பின்பற்றிய வைத்தியம் இந்த ஊர் டாக்டர் செய்து காட்டியது. அந்தப் பொட்டலம் மருந்துக் கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. பத்துப் பொட்டலமும், கொதிக்க வைத்து ஆறிய நீரும், கை கழுவச் சோப்பும் வைத்திருக்காத காப்பகத்துக்கு வேறு வசதிகள் எத்தனை இருந்தும் என்ன?

இவ்வளவும் கேட்டால் மாஷி காப்பகத்தையே மூடிவிடுவார் என்று சிலர் பயப்படுகிறார்கள். நியாயமான பயம்தான். கண்டிப்பான விதி போட்டு, செலவுக்கு ஒரு காசு கொடுக்காமல் இருந்தால் காப்பகங்கள் மறைந்து போகாது. கதவை இன்னும் இறுக்கிப் பூட்டிக் கொண்டு பெயர்ப் பலகை இல்லாமல் நடக்கும். 1969இல் டெல்லி ராஜ்காட்டில் காந்தி நூற்றாண்டுக்காகக் கட்டட வேலை நடந்தபோது, சித்தாள்களின் குழந்தைகள் வெயிலில் புழுதியில் கிடப்பதைப் பார்த்த மீரா மகாதேவன் என்ற அம்மையார் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. அங்கேயே ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். அதுதான் 'மொபைல் க்ரெஷ்' என்ற ஸ்தாபனமாக வளர்ந்தது. கூடாரத்தில் செய்ய முடிந்ததைக் கட்டடம் வைத்திருப்பவர்கள் செய்ய முடியாதா?

கல்கத்தாவில் தமிழர்களுக்குச் சங்கம், சபா, பஜனை மண்டலி என்று கூடுமிடங்களுக்குக் குறைவில்லை. கூட்டமும் கச்சேரியும் சாயங்காலத்தில்தான். தரைமட்டத்தில் இரண்டு வாசலோடு ஒரு ஹால் எங்கே இருந்தாலும் அதைக் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை இரண்டு மாஷிகளிடம் ஒப்படைக்கலாம். வாடகை வேண்டாம் என்று நிர்வாகிகள் சொன்னாலே, இரண்டாவது மாஷியின் சம்பளத்தில் ஒரு பகுதி வந்துவிடும். கான்டிராக்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் கட்டணம் எட்டும். தொழிற்சங்கக் கிளைகள் தீயணைப்புப் படையினரை ஒரு நாள் அழைத்து வந்து, மாஷிகளுக்குத் தீயணைக்கும் கருவியைக் கையாளச் சொல்லித் தரலாம். அது வரையில், நாளைக் காலை குழந்தையை விடப் போகும் தகப்பனார் அந்த இரும்புக் கதவின் இன்னொரு சாவி எங்கே மாட்டியிருக்கிறது என்று கேட்டுவிட்டுப் பஸ் ஏறட்டும். பூட்டுக்குப் பதில் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போட மாஷி சம்மதித்தால், தாழ்ப்பாளின் விலையை அவரே கொடுத்துவிடலாம்.