வீடு தருகிறார்கள், ஊர் தருகிறார்களா?

"வீடில்லாதவர்களுக்கு அரசு அடுக்குமாடி கட்டிக் கொடுக்கிறது. அதிலும் குறை காண வேண்டுமா?" என்று நம்மைக் கேட்கிறார்கள். வீடு வேண்டாம் என்று நாம் ஒருபோதும் சொல்லவில்லை. எங்கே கட்டுகிறார்கள், யாரை யாருக்குப் பக்கத்தில் குடிவைக்கிறார்கள் என்றுதான் கேட்கிறோம்.

இதற்கு ஸ்லோவாக்கியாவின் கோஷிட்சே நகரில் ஒரு பாடம் இருக்கிறது. கம்யூனிச ஆட்சிக் காலத்தில் அங்கே 'லூனிக்' என்று பெயரிட்டு, வரிசை எண் கொடுத்துக் குடியிருப்புகள் கட்டினார்கள். சோவியத் பாணித் திட்டம்தான். அடுக்குமாடி வீடுகள், நடக்கும் தூரத்தில் பள்ளி, பால்வாடி, கடைகள். முதல் எட்டு லூனிக்குகளும் இன்று சாதாரண நகர்ப் பகுதிகள். ஒன்பதாவது மட்டும் ரோமா மக்களை ஒதுக்கிவைத்த இடமாகிவிட்டது. தொடக்கத்தில் அங்கே ராணுவ, போலீஸ் குடும்பங்களும் ரோமா குடும்பங்களும் சேர்ந்துதான் இருந்தன. கம்யூனிச ஆட்சி போன பிறகு, 1995இல், ரோமா மக்களையும் வாடகை கட்ட முடியாதவர்களையும் லூனிக் 9க்கு அனுப்ப நகர நிர்வாகம் முடிவெடுத்தது. மற்றவர்கள் வெளியேறினார்கள். பராமரிப்பும் அவர்களோடு போயிற்று.

ரோமா மக்களின் மூதாதையர் பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து போனவர்கள். அவர்களைத் தனியே பிரித்தது கான்கிரீட் அல்ல, ஒதுக்கீட்டுப் பட்டியல்.

இங்கே என்ன நடந்தது? 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், ஆரம்ப ஆண்டுகளில் மக்கள் இருந்த இடத்திலேயே பல அடுக்குமாடிகளைக் கட்டியது. 2000க்குப் பிறகு சென்னைக்குள் இருந்த மக்களைக் கண்ணகி நகருக்கும், பின்னர் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்விட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. 2021இல் வாரியத்தின் பெயர் மாறியது. இடம் பெயர்ந்தவர்களின் தூரம் குறையவில்லை.

இதற்கு எதிரான முயற்சியும் தமிழ்நாட்டில்தான் நடந்தது. 1997இல் அறிவிக்கப்பட்ட சமத்துவபுரம் திட்டத்தில் 100 வீடுகளில் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. பட்டியலையே சாதிக்கு எதிராகப் போட்டார்கள். அதை நாம் மதிக்கிறோம். ஆனால் சமத்துவபுரம் ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய 100 வீடு. பழைய ஊரும் சேரியும் இருந்தபடியே இருந்தன.

நம் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்தைப் பாருங்கள். தோலைத் தொட்டு வேலை செய்ததற்காகத் தீட்டு என்றார்கள். அதே தோல் ஏற்றுமதியாகிக் காசு கொட்டியபோது அது தொழில் ஆனது. தோல் கழிவு பாலாற்றைக் கெடுத்ததை 1996இல் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. 2015 ஜனவரியில் இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டி உடைந்து 10 தொழிலாளர்கள் செத்தார்கள். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போக வழியில்லாமல் ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அவருக்கு வீடு இருந்திருக்கலாம். ஊர் இல்லை.

2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். சொல் போன பிறகும் இடம் அங்கேயே இருந்தால் என்ன பயன் என்றும் கேட்போம்.

தோழர்களே, நம் பகுதியில் எந்தக் குடியிருப்புத் திட்டம் வந்தாலும், அடிக்கல் நாட்டும் முன்பே தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். ஒதுக்கீட்டுப் பட்டியல் எந்த அடிப்படையில் தயாராகிறது? ஷூ கம்பெனிக்கும் பள்ளிக்கும் எவ்வளவு தூரம்? கழிவுநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? சுடுகாடு பொதுவா? பத்திரம் யார் பெயரில்? கட்டி முடித்து, சாவி கொடுத்த பிறகு கேட்டால் பதில் வரும், மாற்றம் வராது.