பிலேமோனின் வீட்டு வாசலில்



விசுவாசத்தைப் பகிர்ந்துகொள்வது என்றால் வாயினால் சொல்வதே என்று நாம் தீர்மானித்துவிட்டோம். கைப்பிரதி கொடுக்கிறோம், விடியற்காலையில் வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்புகிறோம், தெருமுனைக் கூட்டம் நடத்துகிறோம். இவற்றை நான் இகழவில்லை. ஆனால் இதற்கு ஆதாரமாகப் பலர் எடுத்துக்காட்டும் பிலேமோன் 6-ஆம் வசனத்தை அந்த நிருபத்தோடு சேர்த்து வாசித்தால், நமக்கு வசதியான இந்தப் பொருள் நிலைநிற்காது.

அங்கே பவுல் எழுதும் கிரேக்கச் சொல் 'கொய்னோனியா'. நம் பழைய மொழிபெயர்ப்பு அதை 'அந்நியோந்நியம்' என்கிறது. ஒரே பந்தியில் உட்காரும் உறவு அது. நிருபத்தில் மொத்தம் 25 வசனங்கள். ஊராருக்குச் சுவிசேஷம் சொல்லும்படி அவற்றில் ஒரு கட்டளையும் இல்லை. பிலேமோனிடம் கேட்கப்படுவது ஒன்றே: தன்னைவிட்டுப் பிரிந்துபோன அடிமையாகிய ஒநேசிமுவை இனிச் சகோதரனாக ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பிலேமோன் கெட்டவன் அல்லன். அவன் வீட்டிலே சபை கூடிற்று. விசுவாசிகள் அவனால் ஆறுதல் அடைந்தார்கள் என்று பவுலே சாட்சி கொடுக்கிறார். இப்படிப்பட்டவர் நம் சபையில் இருந்தால் உடனே கமிட்டியில் சேர்த்து முன்வரிசையில் அமர்த்திவிடுவோம். பவுலோ அவனிடம் இன்னும் வளர்ச்சியை எதிர்பார்க்கிறார். அதுவும் அவன் வளர விரும்பியிராத இடத்தில், தன் வீட்டு அடிமைக்கு முன்பாக. நஷ்டம் ஏதேனும் இருந்தால் அதைத் தாமே செலுத்துவதாகத் தம் கையால் எழுதியும் கொடுக்கிறார்.

'முதலில் ஆத்துமாக்களை ஆதாயப்படுத்துவோம், குணம் போகப்போகத் திருந்தும்' என்கிறவர்கள் நம் சபை வரலாற்றைப் பார்க்கட்டும். தென்னிந்திய சபைகளில் சாதி வேற்றுமையை உடனே கைவிட வேண்டும் என்று கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் 1833-இல் சுற்றறிக்கை விடுத்தார். அதை ஏற்க மறுத்துத் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கி அப்போது 127 ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்னும் எத்தனை ஆண்டுகள் கழிந்தால் அது 'போகப்போக' ஆகும்?

இன்றைக்கும் நம்மவரின் மணமகள் தேவை விளம்பரங்களை வாசியுங்கள். மறுபடியும் பிறந்தவள், அபிஷேகம் பெற்றவள் என்று தொடங்கி, அடுத்த வரியிலேயே சாதியின் பெயர். (சில ஊர்களில் கல்லறைத் தோட்டம்கூட இரண்டு.) தயவையும் சாந்தத்தையும் பற்றிப் பத்து வசனம் மனப்பாடமாகத் தெரிந்த வீட்டில், வேலை செய்யும் அம்மாவுக்குத் தனித் தம்ளர். அவர் கையில் நாம் கைப்பிரதியும் கொடுக்கிறோம்! அவர் எதை வாசிப்பார்? தம்ளரை அல்லவா?

குணம் பூரணமாகும்வரை வாய்திறக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். அப்படியன்று. ஒநேசிமு புதிதாய் மனந்திரும்பியவன். அவனையும் தீகிக்குவோடு கொலோசெ சபைக்குச் செய்தி சொல்லும்படி பவுல் அனுப்பினாரே. பூரணத்தை நான் கேட்கவில்லை. அறிந்தே பூட்டிவைத்திருக்கும் அந்த ஒரு கதவைத்தான் திறக்கச் சொல்கிறேன்.

நிருபத்தின் முடிவில், தாம் வந்து தங்குவதற்கு இடம் ஆயத்தம்பண்ணும்படி பவுல் சொல்கிறார். ஒநேசிமு எங்கே படுக்கிறான், யாரோடு சாப்பிடுகிறான் என்று கண்ணால் பார்க்கவும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இவ்வாரக் குடும்ப ஜெபத்தில் இந்த நிருபத்தை முழுவதும் வாசியுங்கள். ஐந்து நிமிடம் போதும். தொடங்குமுன், உங்கள் வீட்டில் வேலை செய்கிறவருக்குச் சென்ற மாதச் சம்பளம் கொடுத்தாயிற்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.