படிவத்தில் கையெழுத்து போதாது

பள்ளியில் பின்தங்கும் ஒரு குழந்தைக்கு என்ன தேவை என்பதை யார் முடிவு செய்வது? வகுப்பாசிரியர், வட்டார வள மையச் சிறப்புப் பயிற்றுநர், மருத்துவர், பெற்றோர் ஆகியோர் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும். முடிந்தவரை குழந்தையையும் கேட்க வேண்டும். உள்ளடக்கிய கல்வியின் அடிப்படை இதுதான். ஆனால் நம் மக்கள் வாழும் பல இடங்களில் முகாம் நடக்கிறது, படிவம் நிரம்புகிறது, தாயிடம் கையெழுத்து வாங்கப்படுகிறது. பேச்சுவார்த்தை மட்டும் நடப்பதில்லை.

2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த கொட்டிவாக்கத்தைப் பாருங்கள். ஒரே ஊரில் வசதியானவர்களின் பெரிய வீடுகளும் இருக்கின்றன, கடலோரக் குப்பமும் இருக்கிறது. பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் இயங்குகிறது. பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் போனால், நகரின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களின் கண்ணகி நகர். பெரிய வீட்டுப் பிள்ளை எழுத்துகளை மாற்றி மாற்றிப் படித்தால் அதற்கு ‘டிஸ்லெக்சியா’ என்று பெயர். தனிப்பயிற்சி கிடைக்கிறது, தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கிறது. அந்த வீட்டில் பாத்திரம் துலக்கும் தாயின் பிள்ளைக்கும் அதே சிக்கல் இருந்தால், ‘இதுக்குப் படிப்பு ஏறாது’ என்ற பழைய பெயர்தான்.

அது சாதி சூட்டிய பெயர். அதைப் பொய்யாக்கத்தான் அடையாறில் 1894இல் ஆல்காட், ‘பஞ்சமர்’ எனப்பட்ட நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. குடிபெயர்ப்பால் பள்ளி மாறிய குழந்தை, கண்ணாடி இல்லாமல் கரும்பலகை தெரியாத குழந்தை, காதில் சீழ் வடியும் குழந்தை ஆகியோரை ‘மந்தம்’ என்று முத்திரை குத்திவிடலாம். செக் நாட்டின் ஆஸ்ட்ராவா நகரில் ரோமா சமூகப் பிள்ளைகள் அறிவுக்குறைபாடு உடையோருக்கான சிறப்புப் பள்ளிகளுக்குத் தள்ளப்பட்டனர். பெற்றோர் சம்மதித்தார்கள் என்றது அரசு. முன்கூட்டியே நிரப்பப்பட்ட படிவத்தில் வாங்கிய கையெழுத்தை உண்மையான சம்மதமாக ஏற்க ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007இல் மறுத்தது. நடந்தது பாகுபாடு என்றும் தீர்ப்பளித்தது. கலிபோர்னியாவில் நுண்ணறிவுத் தேர்வை வைத்துக் கறுப்பினப் பிள்ளைகளைத் தனி வகுப்பில் ஒதுக்கியதை 1979இல் அங்குள்ள நீதிமன்றம் தடுத்தது. ஒடுக்கப்பட்டோரின் பிள்ளையை மதிப்பிடும் அறையில் அந்தப் பிள்ளையின் வாழ்க்கையை அறிந்தவர் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இவை பாடங்கள்.

நம் நாட்டுச் சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. அதை விரைவில் கண்டறிவது பள்ளியின் கடமை என்கிறது. பள்ளிப் பிள்ளைகளிடம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுத்து, அவர்களின் தேவைகள் எந்த அளவு நிறைவேறின என்றும் பார்க்கச் சொல்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடமும் உண்டு.

ஆகவே பெற்றோர் கேட்க வேண்டியவை சில. கூட்டம் எப்போது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஒருநாள் கூலி போகாத நேரத்தில் வையுங்கள். அறிக்கையைப் புரியும் தமிழில் விளக்குங்கள். கண், காது பரிசோதனை முடிந்ததா? பிள்ளைக்கு என்ன வரவில்லை என்பதோடு என்ன வரும் என்பதையும் எழுதினீர்களா? தனிநபர் கல்வித் திட்டத்தின் நகல் எங்கே? அடுத்த கூட்டம் எந்தத் தேதியில்? விடை கிடைக்கும்வரை கையெழுத்துப் போட வேண்டாம். தனியாகப் போகத் தயங்கும் தாயோடு, படித்த இளைஞர் ஒருவர் உடன் செல்லட்டும். கல்லூரி மாணவர்களுக்கு இதைவிட நல்ல சமூகப் பணி இல்லை.

அரசுக்கும் ஒன்று சொல்வோம். பள்ளி பள்ளியாக அலையும் சிறப்புப் பயிற்றுநர் ஒருவரால் பெற்றோரோடு உட்கார்ந்து பேச முடியாது. அவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், பணியை நிரந்தரமாக்குங்கள். மீள்குடியேற்றப் பகுதிப் பள்ளிகளில் முதலில் தொடங்குங்கள். பெற்ற தாய்க்கு நாற்காலி போடாமல் எடுக்கும் முடிவு எதையும் மதிப்பீடு என்று நாம் ஏற்க முடியாது.